பட்டினியில் நுண்ணுயிர்கள் எப்படிப் பிழைக்கின்றன? கேள்வி பதில்

சாப்பாடு தீர்ந்தால் பாக்டீரியாக்கள் கூட்டமாகச் செத்துவிடாதா?

சில சாகும். ஆனால் பெரும்பாலானவை முதலில் செலவைக் குறைக்கும். புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலம் தட்டுப்பாடானதும், குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் செல்லுக்குள் பிபிஜிபிபி என்ற சிறு மூலக்கூறு பெருகி, புரதம் செய்யும் எந்திரங்களான ரைபோசோம்கள் புதிதாக உருவாவதைக் குறைத்துவிடும். வேகமாக வளரும் செல் ரைபோசோமுக்குத்தான் நிறையச் செலவழிக்கிறது, அதனால் இது பெரிய மிச்சம். பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் வேறு வழியே இல்லை என்றால் ஸ்போர் என்ற கெட்டி உறை போட்ட வித்தாக மாறி உறங்கிவிடும்.

ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவு என்கிறார்களே, தெளிவான உதாரணம் உண்டா?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மெத்தனோபேசில்லஸ் ஒமெலியான்ஸ்கி. எத்தனாலைத் (சாராயத்தைத்) தின்று மீத்தேன் வெளியிடும் ஒற்றை உயிர் இது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். 1967-ல் மார்வின் பிரையன்ட் குழுவினர் அதைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தவை இரண்டு உயிர்கள்! ஒன்று எத்தனாலை அசிடேட்டாகவும் (வினிகர் அமிலத்தின் ஒரு வடிவம்) ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது. ஹைட்ரஜன் சேரச் சேர அந்த வினையிலிருந்து ஆற்றல் கிடைக்காமல் போகும், அதோடு அதன் வளர்ச்சியும் நின்றுவிடும். பக்கத்திலிருக்கும் மற்றது அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்து மீத்தேன் ஆக்குவதால்தான் முதலாவது பிழைக்கிறது. அந்த மற்றதுக்கோ எத்தனாலைத் தின்னவே தெரியாது. எடுத்துக்கொள்வதே இங்கே உதவியாகிவிடுகிறது, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அப்படியானால் இவை தாராள மனம் கொண்டவையா?

அப்படிப் பார்ப்பது தவறான வழி என்பது என் கருத்து. பெரும்பாலான பகிர்வு கசிவில்தான் தொடங்குகிறது. குளுக்கோஸ் நிறையக் கிடைத்தால் ஈ.கோலை பாதி எரித்து அசிடேட்டாக வெளியே தள்ளும். குளுக்கோஸ் குறைவாக ஊட்டி ஒரே செல்லின் வாரிசுகளை நீண்டகாலம் வளர்த்த சோதனைகளில், அந்த அசிடேட்டைத் தின்னும் தனி வகையே உருவாகியிருக்கிறது.

ஏமாற்றுக்காரர்களும் உண்டு. இரும்பு அரிதான இடங்களில் பல பாக்டீரியாக்கள் சிடெரோஃபோர் என்ற மூலக்கூறை வெளியே விட்டு இரும்பைப் பிடித்துவரும். அதைத் தயாரிக்காமல், பிடிபட்ட இரும்பை மட்டும் உள்ளே இழுக்கும் வகைகளும் கூட்டத்தில் இருக்கும். தயாரிப்பவை நெருங்கிக் கொத்தாக வளரும்போது பலன் பெரும்பாலும் அவற்றுக்குள்ளேயே நிற்கும். நன்றாகக் கலக்கிவிட்ட திரவத்தில் ஏமாற்றுபவற்றின் கை ஓங்கும்.

நடுக்கடலில் சத்தே இல்லையே, அங்கே எப்படி?

அங்கே ஒளிச்சேர்க்கை செய்யும் மிகச் சிறிய பாக்டீரியாவான புரோகுளோரோகாக்கஸின் ராஜ்ஜியம். பாஸ்பரஸை மிச்சம் பிடிக்க, அதன் சவ்வில் பாஸ்பரஸ் கொழுப்புக்குப் பதில் பெரும்பாலும் கந்தகக் கொழுப்பு இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் மரபணுவைக்கூட அது வைத்துக்கொள்ளவில்லை. சுற்றியுள்ள மற்ற பாக்டீரியாக்கள் அந்த நஞ்சை நீக்குவதால் பிழைக்கிறது. அக்கம்பக்கம் செய்யும் வேலைக்கான மரபணுவை உதறுவது லாபம் என்று விளக்கும் 'பிளாக் குவீன்' கருதுகோள் 2012-ல் இதை வைத்துத்தான் வந்தது.

ஆய்வகத்தில் பல நுண்ணுயிர்கள் வளராததற்கு இதுதான் காரணமா?

முக்கியமான காரணங்களில் ஒன்று. கடலில் ஏராளமாக வாழும் பெலாஜிபேக்டர் என்ற பாக்டீரியா சல்பேட்டிலிருந்து தனக்கு வேண்டிய கந்தகத்தை எடுக்காது, பிற உயிர்கள் செய்த கந்தகச் சேர்மங்கள் வேண்டும். அவை இல்லாத வளர்ப்புக் கரைசலில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் பயனில்லை.

பாக்டீரியாக்கள் ஒட்டி அடர்ந்து வளரும் படலமான பயோஃபிலிமின் உட்புறச் செல்கள் பட்டினி கிடக்குமா?

பேசில்லஸ் சப்டிலிஸில் 2015-ல் பார்த்தது அருமையான விஷயம். வெளிவிளிம்புச் செல்கள் உணவான குளூட்டமேட்டை (ஒரு அமினோ அமிலம்) முதலில் தின்றுவிடும். ஆனால் அவற்றுக்கு வேண்டிய அம்மோனியம் என்ற நைட்ரஜன் சத்து உட்புறத்திலிருந்துதான் வருகிறது. உட்புறம் பட்டினியானால் அம்மோனியம் குறையும், விளிம்பின் வளர்ச்சி நிற்கும், குளூட்டமேட் மறுபடி உள்ளே போகும். இப்படி விட்டுவிட்டு வளர்கிறது. அப்புறம் 2017-ல் இரண்டு பயோஃபிலிம்களை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். குளூட்டமேட்டைக் குறைத்ததும் இரண்டும் முறைவைத்து மாறிமாறித் தின்றன. இருப்பது குறைவு என்றபோதும் வளர்ச்சி கூடியது.