மொட்டைமாடி ஹாட் டப் தண்ணீர் குடிக்க உதவுமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் 1,200 லிட்டர் கொள்ளும் ஹாட் டப் (வெந்நீர்க் குளியல் தொட்டி) ஒன்று உள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சம்ப்பில் வெள்ளநீர் புகுந்துவிட்டது. கேன் தண்ணீரும் வரவில்லை. மறுபடியும் அப்படியொரு நிலை வந்தால் ஹாட் டப் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: குடிக்கவும் வேண்டாம், அதில் உலை வைக்கவும் வேண்டாம். ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் கிருமிகள் மடியும் என்பதும், குளோரினில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும் என்பதும் உண்மைதான். ஆனால் குளோரின் வெயிலில் சிதையாமலிருக்கச் சேர்க்கும் சயனூரிக் அமிலம், புரோமின் உப்புகள், அமிலத்தன்மையைச் சரிசெய்யும் பொடிகள், நுரை தடுப்பான் ஆகியவற்றோடு குளித்தவர்களின் வியர்வையும் எண்ணெயும் மாதக்கணக்கில் அதில் கரைந்திருக்கும். கொதிக்கக் கொதிக்க நீர் சுண்டுமேயன்றி இவை குறையா. செறிவு கூடவே செய்யும்.

நீச்சல் குளத்தில் குழந்தை ஒரு வாய் விழுங்கினால் ஒன்றும் ஆவதில்லையே என்று கேட்கலாம். ஒரு வாய் வேறு, ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வீதம் பல நாள் குடிப்பது வேறு.

மின்வெட்டு நிலைமையை இன்னும் மோசமாக்கும். 38 முதல் 40 டிகிரி வரை சூடான நீரில் குளோரின் விரைவாகத் தீர்ந்துவிடும். மோட்டார் நின்று நீர் மெல்ல ஆறும்போது, வெதுவெதுப்பை விரும்பும் லெஜியோனெல்லா, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள், நீர் பீய்ச்சும் குழாய்களின் உட்புறத்தில் படிந்திருக்கும் வழுவழுப்பான படலத்திலிருந்து பெருகத் தொடங்கும். அந்தப் படலம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருப்பதால், புதிதாக மெட்ரோ தண்ணீர் நிரப்பிய தொட்டியையும் நான் நம்பமாட்டேன். நீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பது எதற்கும் சான்றாகாது.

அதற்காக அதைச் சாக்கடையில் திறந்துவிட்டுவிடாதீர்கள். இத்தகைய நீரைக் குடிக்கக் கூடாது, சுத்தம் செய்யப் பயன்படுத்தலாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரையும்கூட. கழிப்பறைக்கு ஒரு தடவைக்கு எட்டு லிட்டர் என்று வைத்தால் 1,200 லிட்டர் 150 தடவைக்கு வரும். வெள்ளம் சூழ்ந்த வீட்டில் நல்ல தண்ணீரைத் தீர்ப்பது பெரும்பாலும் கழிப்பறைதான். குடிப்பதற்கும் சமையலுக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் போதும். ஆகவே நால்வர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது இரண்டரை கேன். புயல் எச்சரிக்கை வந்த அன்றே பிளாஸ்டிக் குடங்களைக் கழுவி நிரப்பி மூடிவையுங்கள்.

கேள்வி: கீசரில் நிற்கும் தண்ணீர்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அதில் என்ன நீர் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. மேல்நிலைத் தொட்டியில் மெட்ரோ தண்ணீர் மட்டும் ஏற்றும் வீடானால், கீசரில் உள்ள 15 அல்லது 25 லிட்டரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். போர் தண்ணீர் கலக்கும் வீடுகளில் விட்டுவிடுங்கள். கடலோரத்து உவர்ப்பும் கொதியில் போகாது. சம்ப்பில் வெள்ளம் புகுந்தது தெரிந்ததும் மோட்டாரைப் போடாமல், கீசரின் மின் இணைப்பைத் துண்டித்து, நீர் உள்ளே வரும் வால்வை மூடுங்கள். நீர் நன்றாக ஆறிய பிறகே எடுக்க வேண்டும். அடியில் தங்கிய வண்டல் கலந்து வந்தால் சற்றுத் தெளியவிட்டு, துணியில் வடிகட்டிய பின் கொதிக்கவையுங்கள். கீசர் காலியான நிலையில் சுவிட்சைப் போட்டால் உள்ளிருக்கும் சூடேற்றும் கம்பிச்சுருள் கருகிவிடும். ஆகையால் மீண்டும் நீர் நிரப்பும்வரை வீட்டில் எவரும் அதைத் தொடாதபடி சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.