படம் டிவியில், சத்தம் மட்டும் லேப்டாப்பிலா?

கேள்வி: பண்ருட்டியிலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்ற வீடியோவைச் சொந்தக்காரர்களுக்குப் பெரிதாகப் போட்டுக் காட்டலாம் என்று, லேப்டாப்பையும் எங்கள் 43 இஞ்ச் டிவியையும் எச்டிஎம்ஐ வயரில் இணைத்தேன். படம் பளிச்சென்று வருகிறது. சத்தமோ லேப்டாப்பில்தான் வருகிறது. நாலடி தள்ளி உட்கார்ந்தால் கேட்கவில்லை. கடையில் விசாரித்தால், டிவியில் ஆடியோ போர்டு போயிருக்கும், இல்லாவிட்டால் 1,800 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள், ஐயா. உங்கள் டிவியில் செட்டாப் பாக்ஸ் போட்டால் செய்தியும் பாட்டும் கேட்கிறதல்லவா? கேட்கிறதென்றால் டிவியின் ஆடியோ போர்டும் ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கின்றன. கன்வெர்ட்டரும் தேவையில்லை. எச்டிஎம்ஐ வயரில் படமும் சத்தமும் சேர்ந்தேதான் போகின்றன. அந்தச் சொருகியில் 19 பின் உண்டு. லேப்டாப்பிலிருந்து டிவிக்குப் போகும் சத்தத்துக்கென்று அதில் தனிப் பின் எதுவும் கிடையாது. படம் வரிவரியாகப் போகும்போது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே கிடைக்கும் சின்ன இடைவெளியில் சத்தம் பொட்டலமாகக் கூடவே போய்விடும். அதனால் படம் சுத்தமாக வந்துவிட்டாலே, வயர் தன் வேலையைச் செய்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது, லேப்டாப்பிடம் ‘சத்தத்தை டிவிக்கு அனுப்பு’ என்று ஒருமுறை சொல்வது. விண்டோஸுக்கு உங்கள் டிவி இன்னொரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். படத்தைத் தானாக அனுப்பிவிடும். சத்தத்தைச் சில சமயம் பழைய ஸ்பீக்கரிலேயே விட்டுவிடும்.

முதலில் வயரைச் சொருகி, டிவியை ஆன் செய்து, ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பொத்தானை அழுத்தி, வயர் சொருகியிருக்கும் எச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுங்கள். படம் வந்த பிறகு லேப்டாப் திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்யுங்கள். வால்யூம் கோடு ஒன்று திறக்கும். அதற்கு மேலேயோ பக்கத்திலேயோ ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் பட்டியல் விரியும். ரியல்டெக் என்று இருப்பது லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர். டிவி கம்பெனியின் பெயரோ, ‘இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ’ அல்லது ‘என்விடியா’ என்ற சொல்லோ இருப்பது உங்கள் டிவி. அதைத் தொடுங்கள். பத்தில் எட்டு வீடுகளில் அந்த நொடியே டிவியில் சத்தம் வந்துவிடும்.

வரவில்லையென்றால் பதறாதீர்கள். வீடியோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அந்த பிளேயர் பழைய ஸ்பீக்கரையே பிடித்துக்கொண்டிருக்கும். அதை முழுதாக மூடி மறுபடி திறங்கள். அடுத்து, டிவியைத் தேர்ந்தெடுத்ததும் வால்யூம் கோடு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி வால்யூம் வைத்திருக்கும். லேப்டாப்புக்கு நீங்கள் கூட்டி வைத்தது டிவிக்குச் செல்லாது. லேப்டாப்பில் 80, 90 என்று வைத்துவிட்டு, மிச்சத்தை டிவி ரிமோட்டில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் டிவியின் பெயரே இல்லாவிட்டால், அதே ஸ்பீக்கர் படத்தை வலது கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ் போங்கள். அங்கே ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ அல்லது ‘சவுண்ட் கண்ட்ரோல் பேனல்’ என்று இருக்கும். அதைத் திறந்து ‘பிளேபேக்’ பக்கத்தில் காலியான இடத்தில் வலது கிளிக் செய்து ‘ஷோ டிஸேபிள்டு டிவைசஸ்’ என்பதில் டிக் போடுங்கள். டிவி மங்கலாகத் தலைகாட்டினால், அதன்மேல் வலது கிளிக், எனேபிள், அப்புறம் செட் டிஃபால்ட். அப்போதும் பெயர் வரவில்லையென்றால், லேப்டாப்பில் படம் காட்டும் பாகத்தை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரில் கோளாறாக இருக்கலாம். டிவிக்குப் போகும் சத்தத்தைக் கவனிக்கும் டிரைவர், கிராபிக்ஸ் டிரைவரோடு சேர்ந்துதான் வரும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு அதை இறக்கி நிறுவச் சொல்லுங்கள். கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை அரை மணி நேரத்தில் செய்துவிடும். காசு ஒன்றும் ஆகாது.

இப்போது அந்த 1,800 ரூபாய்க்கு வருகிறேன். பல வருடங்களாக இந்தப் பட்டறையில் உட்கார்ந்து நான் பார்த்துக் கொதித்த விஷயம் இது. சென்ற வருடம் ஓர் அம்மா ஒரு மஞ்சப்பையை மேஜைமேல் கவிழ்த்தார். மூன்று வயர்கள் விழுந்தன. ஒன்று, ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் பென் டிரைவ் சொருகும் சாதாரண யுஎஸ்பி. இரண்டாவது, ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் வயரில் இருக்கும் நீலநிற விஜிஏ சொருகி. மூன்றாவது, எச்டிஎம்ஐயிலிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று முனைகளாகப் பிரிவது. வேறு வேறு நாள் வாங்கியவை. ஒன்றும் வேலை செய்யவில்லை. டிவி பழுது என்று முடிவு கட்டி என்னிடம் வந்திருந்தார். மூன்றாவது வயரின் தலைப்பகுதியைப் பிளேடால் கீறிப் பிரித்துக் காட்டினேன். உள்ளே சிப் இல்லை, சர்க்யூட் இல்லை. செம்புக் கம்பியை இங்கே ஒட்டி அங்கே ஒட்டியிருந்தார்கள். எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல். அந்த மூன்று கலர் முனைகளில் போவது அனலாக். நடுவில் கரண்ட் எடுத்து வேலை செய்யும் சர்க்யூட் இல்லாமல் ஒன்று மற்றொன்றாக மாறவே மாறாது. இதை விற்கிறவருக்கு அது தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. திருப்பிக் கொண்டுபோனால் ‘உங்கள் டிவி சப்போர்ட் பண்ணாது’ என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த யுஎஸ்பி வயரில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். டிவியிலும் யுஎஸ்பி இருக்கிறது, லேப்டாப்பிலும் இருக்கிறது, இணைத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். டிவியில் இருப்பது பென் டிரைவ் சொருகத்தான். லேப்டாப்பின் சாதாரண, செவ்வகமான யுஎஸ்பியில் படம் வெளியே வராது. உள்ளே சிப் வைத்து, டிரைவர் நிறுவி ஓடும் அடாப்டர் என்று வேறொரு சாமான் உண்டு. அதன் விலையும் வேறு. வெறும் வயர் குப்பைதான்.

புதிய லேப்டாப்புகளில் வரும் நீள்வட்ட டைப்-சி போர்ட்டில் படம் வரலாம், வராமலும் போகலாம். இங்கே கம்பெனிகள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். ஒரே வடிவத்தில் இரண்டு போர்ட் வைத்து, ஒன்றில் படம் வரும், மற்றொன்றில் வராது என்றால், சாதாரண மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பார்? போர்ட் பக்கத்தில் இடியைக் குறிக்கும் மின்னல் அம்புக்குறியோ, டாக்டரின் முதல் எழுத்தான டி, பேப்பரின் முதல் எழுத்தான பி என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் பின்னிய குறியோ இருந்தால் வரும் என்று நம்பலாம். பல மாடல்களில் அதுவும் அச்சடிப்பதில்லை. டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் வாங்கப் போகும்போது லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே ஒரு டிவியில் போட்டுக் காட்டினால் மட்டும் காசு கொடுங்கள்.

எச்டிஎம்ஐ வயரிலும் ஒரு வார்த்தை. தங்க முலாம் பூசியது என்று 1,500, 2,000 ரூபாய் வயரைக் கையில் திணிப்பார்கள். தங்க முலாம் துருப்பிடிக்காமல் இருக்க மட்டுமே உதவும். டிஜிட்டல் படம் வந்தால் முழுதாக வரும். வயர் மோசமென்றால் புள்ளிபுள்ளியாகும், விட்டுவிட்டு வரும், இல்லை கறுத்துப் போகும். விலை கூடிய வயரில் நிறம் கூடாது. ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் வயர் 200, 300 ரூபாய்க்கு நல்லதாகவே கிடைக்கிறது. உங்களுக்கு அது போதும். ஹால் முழுக்க இழுக்கப் பத்து மீட்டருக்கு மேல் வேண்டும் என்றால்தான் கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியாக வேண்டும். எச்டிஎம்ஐ இல்லாத, விஜிஏ மட்டும் இருக்கும் பழைய லேப்டாப். அந்தச் சரிவகமான, மூன்று வரிசையில் 15 துளை உள்ள போர்ட் 1987இல் வந்தது. அதில் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகவே போகாது. இப்படி ஒரு லேப்டாப் உறவினர் யாராவது கொண்டுவந்தால் மேலே சொன்ன செட்டிங் எதுவும் உதவாது. முதலில் லேப்டாப்பின் இரண்டு பக்கமும் பின்பக்கமும் நன்றாகப் பாருங்கள். விஜிஏ இருக்கும் பல லேப்டாப்புகளில் அதற்குப் பக்கத்திலேயே எச்டிஎம்ஐயும் தூசி படிந்து கிடக்கும். நிஜமாகவே இல்லையென்றால், டிவியின் பின்னால் பாருங்கள். கொஞ்சம் பழைய டிவிகளில் ‘பிசி இன்’ என்று விஜிஏ போர்ட்டும், அருகில் ‘பிசி ஆடியோ இன்’ என்று ஹெட்போன் துளை போல ஒன்றும் இருக்கும். அப்படியென்றால் ஒரு விஜிஏ வயர், இரண்டு முனையிலும் ஹெட்போன் பின் உள்ள ஓர் ஆடியோ வயர். அந்த ஆடியோ வயரின் ஒரு முனை லேப்டாப்பின் ஹெட்போன் துளையில், மறுமுனை டிவியின் ‘ஆடியோ இன்’னில். டிவியில் ‘ஹெட்போன்’ என்று எழுதிய துளையில் சொருகிவிடாதீர்கள். அது சத்தம் வெளியே போகும் வழி, உள்ளே வராது. வாரத்துக்கு ஒருவராவது இதைச் செய்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்கிறார்கள்.

டிவியில் எச்டிஎம்ஐ மட்டுமே இருந்தால், இங்கேதான் கன்வெர்ட்டர் நியாயமாகத் தேவை. விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்னப் பெட்டி. அதில் கரண்டுக்கு ஒரு யுஎஸ்பி வால் இருக்க வேண்டும், சத்தத்துக்கு ஒரு ஹெட்போன் துளை இருக்க வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். திசையையும் கேட்டு வாங்குங்கள். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்குப் போகும் பெட்டியும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் ஓடாது. உங்கள் கடைக்காரர் சொன்னது இந்தப் பெட்டியாகவே இருக்கலாம். எச்டிஎம்ஐயில் படம் வந்துகொண்டிருக்கும் உங்களுக்கு அது எதற்கு?

சத்தத்தை மறந்துவிட்டு இன்னொன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிஜமாகவே போர்டு போகும். நம் வீடுகளில் லேப்டாப் சார்ஜரின் மூன்று பின் சொருகியை இரண்டு பின் பிளக்கில் மாட்டி ஓட்டுகிறோம். எர்த் இல்லை. கேபிள் டிவி வயர் வழியாகவும் கரண்ட் கசிந்து வரலாம். வயரின் இரும்புத் தலையைத் தொடும்போது சுரீரென்று இழுத்தால் அது இந்தக் கசிவுதான். அந்த நிலையில் எச்டிஎம்ஐயைச் சொருகினால், சொருகும் நொடியில் தெறிக்கும் பொறி டிவியின் போர்ட்டைக் கருக்கிவிடலாம். அப்படிக் கருகிய போர்டுகள் ஒரு டப்பா நிறைய என்னிடம் இருக்கின்றன. டிவியையும் லேப்டாப் சார்ஜரையும் சுவரில் சுவிட்சை அணைத்து, கேபிள் டிவி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, அப்புறம் எச்டிஎம்ஐயைச் சொருகுங்கள். சார்ஜருக்கு எர்த் உள்ள மூன்று பின் பிளக்கைக் கொடுங்கள். கடையில் கன்வெர்ட்டரைப் பற்றி அவ்வளவு பேசுகிறவர்கள் இதை ஒருவருக்கும் சொல்வதில்லை.

படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டு, கீழே கடிகாரம் இருக்கும் பட்டை பாதி மறைந்தால், டிவி ரிமோட்டில் படத்தின் அளவு என்ற இடத்துக்குப் போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஃபுல் பிக்சல்’ என்று பெயர் மாறும், எல்லாம் ஒன்றுதான். டிவியில் லேப்டாப் படம் வராமல் வெறும் வால்பேப்பர் மட்டும் தெரிந்தால், விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டே பி எழுத்தை அழுத்துங்கள், பேப்பரின் முதல் எழுத்தாக வருகிற பி. வரும் பட்டியலில் டூப்ளிகேட் என்பதைத் தொட்டால் இரண்டு திரையிலும் ஒரே படம் வரும்.

சொந்தக்காரர்கள் வருவதற்கு முந்தின நாளே ஒருமுறை எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். லேப்டாப் மூடியை மூடாதீர்கள். மூடினால் தூங்கிவிடும், படமும் நின்றுவிடும். பவர் செட்டிங்கில் திரை அணையும் நேரத்தை ‘நெவர்’ என்று மாற்றி வையுங்கள். டிவியின் சவுண்ட் மோட் ‘நியூஸ்’ அல்லது ‘க்ளியர் வாய்ஸ்’ என்று இருந்தால் பேச்சு மட்டும் தூக்கலாக வந்து மிருதங்கம் அமுங்கிப் போகும். ‘மியூசிக்’ என்று மாற்றுங்கள். அப்புறம் பேத்தியைக் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார வைத்து, சலங்கைச் சத்தம் அங்கே கேட்கிறதா என்று அவளையே கேளுங்கள்.