வாசகர் கேள்வி – பதில்: ஒரு நிறம் மட்டும் எஞ்சும் படங்கள்

கேள்வி: காய்ந்த தண்டின் நுனியில் அமர்ந்திருந்த சிவப்புத் தட்டான் ஒன்றைப் படமெடுத்து, அதன் சிவப்பை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். பார்த்தவர்களில் சிலர் பாராட்டினார்கள். சிலரோ தட்டானைக் கத்தரித்து ஒட்டியது போல இருக்கிறது என்கிறார்கள். குறை எங்கே இருக்கக்கூடும்?

பதில்: பெரும்பாலும் இறக்கைகளில்தான் இருக்கும். படத்தை 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். தட்டானின் இறக்கை ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் பின்னால் இருக்கும் இலைகளின் பச்சை அதன் வழியே தெரியும். சுற்றிலும் சாம்பல் நிறமாகிவிட்ட பிறகு இறக்கைக்குள் மட்டும் அந்தப் பச்சை மிஞ்சி நின்றால், காரணம் சொல்லத் தெரியாதவர்களுக்குக்கூட ஏதோ பிசகு என்று தோன்றிவிடும். அதற்கு அஞ்சி இறக்கை முழுவதையும் சாம்பலாக்கினால், உடலோடு சேரும் இடத்தில் சில தட்டான்களுக்கு இருக்கும் செம்மஞ்சள் சாயலும் சேர்ந்து போய்விடும். ஆகவே அடிப்பகுதியில் வண்ணத்தை நிறுத்தி, நுனியை நோக்கிச் செல்லச் செல்ல அது மெல்ல மறையும்படி மாஸ்க்கை (எந்தப் பகுதியில் நிறம் நிற்க வேண்டும் என்று மென்பொருளுக்குக் காட்டும் மறைப்பை) மென்மையான தூரிகையால் தீட்ட வேண்டும். உடலின் சிவப்பு தண்டின் மேல் லேசாகப் பிரதிபலித்திருந்தால் அதையும் துடைத்துவிடாதீர்கள். நீர்ப்பரப்புக்கு அருகில் எடுத்த படமானால், நீரில் விழும் பிம்பத்துக்கும் அதே நிறம் இருந்தாக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மாஸ்க்கின் விளிம்பை எல்லா இடத்திலும் ஒரே கூர்மையோடு வெட்டுவதும் தவறு. குவியத்தில் இருக்கும் தலைக்குக் கூரிய விளிம்பும், குவியத்துக்கு வெளியே மங்கிப்போன வால் நுனிக்கு அகலமான மென் விளிம்பும் தேவை.

இத்தனை பாடுபடுவதற்கு முன்னால் ஒரு சோதனையைச் செய்து பார்த்துவிடலாம். முதலில் படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்குங்கள். தட்டான் அப்போதும் பளிச்சென்று தனித்து நின்றால், அந்தப் படத்தில் ஒரு நிறத்தை மட்டும் விட்டுவைக்கும் உத்தி வேண்டியதே இல்லை, அப்படியே விட்டுவிடலாம். சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஒளிர்வு கொண்டவையாக இருந்து, தட்டான் பின்னணியோடு கரைந்துபோனால்தான் நிறமே அந்தப் படத்தின் உயிர் என்று பொருள். அந்த நிலையிலும் பின்னணியை முற்றிலும் சாம்பலாக்காமல், நிறச்செறிவில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வைக்குமாறு நான் பரிந்துரைப்பேன். பார்வை தட்டானிடம்தான் போகும், ஆனால் அது ஓர் உயிருள்ள இடத்தில் உட்கார்ந்திருப்பது மறந்துபோகாது. (கணினி வந்துதான் ஒளிப்படம் கெட்டது என்பவர்களுக்கு: ஒளிப்படங்களின் மேல் கையால் வண்ணம் தீட்டும் வழக்கம் 1840களிலேயே தொடங்கிவிட்டது.)

கேள்வி: லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் பச்சையின் நிறச்செறிவைக் குறைக்கும் ஸ்லைடரை முழுவதும் இழுத்தும் இலைகளின் நிறம் போகவில்லையே?

பதில்: மஞ்சள் ஸ்லைடரை இழுத்துப் பாருங்கள். நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் புல்லும் தளிரும் மென்பொருளின் கணக்கில் பெருமளவு மஞ்சளில்தான் அடங்கும். இப்படி ஸ்லைடர்களைக் கடுமையாக இழுக்கும் வேலையை ரா கோப்பில் (கேமரா பதிவு செய்த மூலத் தரவு அப்படியே இருக்கும் கோப்பில்) செய்வதே நல்லது. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத் தடத்துக்கும் 256 படிநிலைகள் மட்டுமே உண்டு. 14 பிட் ரா கோப்பில் 16,384 உண்டு. படிநிலைகள் குறைந்தால் வானம் போன்ற சீரான பரப்புகளில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியத் தொடங்கும்.

கேள்வி: காட்டுப் படங்களில் கனவு போன்ற மெல்லொளியைக் கொண்டுவரும் ஆர்ட்டன் விளைவைப் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் மூடுபனியோ, காட்சியின் பின்னாலிருந்து கேமராவை நோக்கி வரும் ஒளியோ உண்மையிலேயே இருந்த காட்சிகளுக்கு மட்டும். ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் ஆர்ட்டன் 1980களில் கூர்மையான ஸ்லைடு (ஒளி ஊடுருவும் ஃபிலிம் படம்) ஒன்றையும் குவியம் விலகிய ஸ்லைடு ஒன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இதை உருவாக்கினார். இன்று படத்தின் நகலை அதன் மேல் இன்னொரு லேயராக (அடுக்காக) வைத்து, அதை மங்கலாக்கி, ஒளிபுகாத் தன்மையை 10 முதல் 20 சதவீதத்துக்குள் நிறுத்தினால் போதும். நண்பகல் வெயிலில் எடுத்த படத்தில் இதைப் போட்டால் லென்ஸில் எண்ணெய் படிந்தது போலத்தான் இருக்கும்.

கேள்வி: ஒரு நிறம் மட்டும் எஞ்சும் படங்களைப் போட்டிகளுக்கு அனுப்பலாமா?

பதில்: இயற்கைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டாம். சர்வதேச ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப் ஏற்றுள்ள இயற்கை ஒளிப்பட வரையறையின்படி, செய்யும் திருத்தங்கள் இயல்பாகத் தோன்ற வேண்டும். படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கலாம், அகச்சிவப்புப் படங்கள் கூடாது. ஒரு பகுதிக்கு மட்டும் நிறத்தை விட்டுவைத்த படம் இயல்பாகத் தோன்ற வழியில்லை. சரி, கறுப்பு வெள்ளைப் பிரிவில் சேர்த்துவிடலாம் என்றால் அங்கும் இடமில்லை: ஒரே ஒரு நிறம் சேர்ந்தாலும் ஃபியாப் அதை வண்ணப் படமாகவே கணக்கிடும். அந்தப் படத்துக்கு உரிய இடம் பொது வண்ணப் பிரிவு அல்லது படைப்பாக்கப் பிரிவுதான், அதையும் அந்தந்தப் போட்டியின் விதிகளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மூல ரா கோப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டி உட்படப் பல போட்டிகளில் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானவர்களிடம் அதைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.