நாற்பத்திரண்டு பேர் எங்கே போனார்கள்?

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துதல்கள். வேலைக்குப் போய்க்கொண்டே கல்லூரி மாணவர்கள் நடுவே ஊழியம் செய்துவருகிறேன். எல்லாரும் மூன்று வருடப் படிப்பு படிக்கிற பிள்ளைகள். நான்கு வருடத்துக்கு முன்பு எங்கள் மாணவர் ஐக்கியத்தில் (ஜெபத்துக்கும் வேதத்துக்கும் கூடுகிற குழு) 42 பேர் இருந்தார்கள். இப்போது வருவது 11 பேர். அதிலும் 7 பேர் இறுதியாண்டு. வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூட்டம், செய்தி நான்தான் கொடுக்கிறேன். தயாரிக்காமல் போன வாரம் ஒன்றுகூட இல்லை. "நல்ல இசைக்குழுவைக் கூப்பிடுங்கள், மூன்று நாள் முகாம் போடுங்கள், கூட்டம் தானாகச் சேரும்" என்கிறார்கள் சிலர். பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுக்கலாம் என்றால் "எங்களுக்குப் பேச வராது அண்ணா" என்று ஒதுங்குகிறார்கள். படித்து முடித்துப் போனவர்களில் பலர் சபைக்கே போவதில்லை என்று கேள்விப்படும்போது மனம் உடைந்துவிடுகிறது. இது என் ஜெபக்குறைவா? நான் விலகி வேறொருவருக்கு வழிவிட வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் கடிதத்தில் உள்ள எண்களையே எடுத்துக்கொள்வோம். மூன்று வருடப் படிப்பு, நான்கு வருடம் ஓடிவிட்டது. அந்த 42 பேரில் ஒருவர்கூட இன்று அங்கே மாணவராக இல்லை. யாரும் உங்களை விட்டு ஓடவில்லை. படிப்பு முடிந்தது, போனார்கள். சபைக்கு ஒரு குடும்பம் வந்தால் இருபது வருடம் இருக்கும். மாணவர் ஐக்கியமோ வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கை இழந்தே தீரும். 42 பேர் என்றால் 14 பேர். அந்த 14 இடங்கள் நிரம்ப வேண்டுமானால், வருகிறவர்களில் பாதிப் பேர்தான் நிலைப்பார்கள் என்று வைத்துக்கொண்டு, ஆண்டுத் தொடக்கத்தில் 28 முதலாமாண்டு மாணவர்களிடமாவது நேரில் பழகியிருக்க வேண்டும். உங்கள் 11 பேரில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்தே நான்கு பேர்தான் என்றால், குறை கூட்டத்தில் இல்லை, வாசலில் இருக்கிறது.

ஜெபக்குறைவா என்று கேட்கிறீர்கள். அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவே உள்ள காரியம், நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தில் தெளிவாகத் தெரிகிற குறை ஒன்று உண்டு. எல்லாம் உங்கள் ஒருவர் கையில் இருக்கிறது. வாரந்தோறும் நன்றாகத் தயாரித்த செய்தியைக் கேட்டுப் பழகிய பிள்ளை, "எனக்குப் பேச வராது" என்று சொல்வது இயல்புதானே? உங்களைப்போல் பேசுவதுதான் ஊழியம் என்று நான்கு வருடமாக அவர்கள் பார்த்துவந்திருக்கிறார்கள்.

மாணவர் ஊழியத்தின் வரலாற்றில் பெரிய காரியங்கள் பலவும் மாணவர் கையிலிருந்துதான் தொடங்கின. 1806 ஆகஸ்டில் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வெளியே ஜெபிக்கப் போன இடத்தில் இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, வைக்கோல்போர் ஓரம் ஒதுங்கி, ஆசியாவுக்குச் சுவிசேஷம் போக வேண்டுமென்று ஜெபித்தார்கள். அந்தப் பாரத்தின் தொடர்ச்சியாக 1810-ல் 'அமெரிக்கன் போர்டு' என்ற மிஷனெரி சங்கம் உருவானது. 1816-ல் யாழ்ப்பாணத்திலும் 1834-ல் மதுரையிலும் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனெரிகளை அனுப்பியது அந்தச் சங்கம்தான். வைக்கோல்போரடியில் இருந்த ஐந்து பேரும் மாணவர்கள், செய்தி கொடுக்க அண்ணன் ஒருவரும் அங்கே இல்லை.

அதற்காக அண்ணன்மார் தேவையில்லை என்று ஆகிவிடாது. மாணவர்கள் போய்க்கொண்டே இருப்பதால் போகாமல் இருக்கிற ஒருவர் அவசியம் வேண்டும். சார்லஸ் சிமியோன் என்ற ஆங்கிலேயப் போதகர் 1782 முதல் 1836 வரை, 54 வருடம், பல்கலைக்கழக ஊரான கேம்பிரிட்ஜில் ஒரே ஆலயத்தில் இருந்தார். தொடக்கத்தில் சபையாரே அவரை ஏற்காமல், கதவு வைத்த தங்கள் இருக்கைகளைப் பூட்டிப்போட்டார்கள். பிற்காலத்தில் அவருடைய வெள்ளிக்கிழமை மாலைகள் பேர்பெற்றவை. மாணவர்கள் அவர் அறைக்கு வருவார்கள், தேநீர் இருக்கும், அவர்கள் கேட்பார்கள், அவர் பதில் சொல்வார். பிரசங்கத்துக்கு ஞாயிறு இருந்தது, வெள்ளி அவர்களுடைய கேள்விகளுக்கு. உங்கள் வெள்ளிக்கிழமையையும் அப்படி மாற்றிப் பாருங்கள்.

செய்தியை நிறுத்திவிட்டு வேத ஆராய்ச்சிக்கு வாருங்கள். மாற்கு 2:1-12-ஐ எடுத்துக்கொள்வோம், கப்பர்நகூமில் நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூரை வழியாக இயேசுவின் முன் இறக்கிய பகுதி. பன்னிரண்டே வசனம். வட்டமாக உட்காருங்கள். நலம் விசாரிக்க 5 நிமிடம். அவரவர் மௌனமாக இரண்டு முறை வாசித்து, கண்ணில் பட்டதைப் பென்சிலால் குறிக்க 10 நிமிடம். கேள்விகளுக்கு 30 நிமிடம். இரண்டிரண்டு பேராக ஜெபிக்க 15 நிமிடம். மொத்தம் ஒரு மணி நேரம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

கேள்விகளை மூன்று படியாகக் கேளுங்கள். முதலில் கவனிப்பது: அந்த வீட்டில் எத்தனை விதமான ஆட்கள் இருக்கிறார்கள்? சுமந்து வந்தவர்களுக்கு எது தடை? இயேசு எதைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது? அடுத்து பொருள் காண்பது: நடக்க முடியாமல் கிடக்கிறவனிடம், "உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்று ஏன் முதலில் சொன்னார்? அங்கே இருந்த வேதபாரகர் (யூத வேத அறிஞர்) மனதில் நினைத்ததில் எது சரி, எது தவறு? (தேவன் ஒருவரே பாவத்தை மன்னிக்க முடியும் என்பது சரி, இவர் தேவதூஷணம் சொல்கிறார் என்பது தவறு. அந்த இடத்தில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், அவசரப்படாதீர்கள்.) கடைசியாகக் கைக்கொள்வது: நாம் சுமந்து வர வேண்டிய ஒருவர் யார், இந்த வாரம் அவருக்காக என்ன செய்யப்போகிறோம்?

இதில் வழக்கமாகக் கெடுகிற இடங்கள் மூன்று. கேள்வி கேட்ட மூன்றாவது நொடியில் நடத்துகிறவரே பதிலைச் சொல்லிவிடுவார். மனதுக்குள் பத்து எண்ணுங்கள், யாராவது பேசுவார்கள். "ஆம், இல்லை" என்று முடிகிற கேள்வியாகக் கேட்பார். பகுதியைச் சரியாகப் பார்க்காமலே கைக்கொள்வதற்குத் தாவுவார். அப்படித் தாவினால் எந்தப் பகுதியை எடுத்தாலும் "இன்னும் அதிகமாக ஜெபிக்க வேண்டும்" என்ற ஒரே பதிலில் போய் நிற்கும்.

பேச வராது என்கிற பிள்ளையால் கேள்வி கேட்க முடியும். முதல் இரண்டு வாரம் நீங்கள் நடத்துங்கள், அவர் பார்க்கட்டும். அடுத்த இரண்டு வாரம் கவனிக்கிற கேள்விகளை மட்டும் அவர் நடத்தட்டும். ஐந்தாவது, ஆறாவது வாரம் முழுவதும் அவர் பொறுப்பு, நீங்கள் வட்டத்தில் ஒருவராக வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அவர் தடுமாறும்போது உதவிக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். முடிந்ததும் தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள்: நன்றாக இருந்தது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று. இரண்டாவது திருத்தமும் சொன்னால் அடுத்த முறை பயந்துவிடுவார்.

ஒரு குழுவுக்கு 6 முதல் 8 பேர் சரியான அளவு. பத்தைத் தொட்டதும் அடுத்த குழுவை நடத்தப்போகிறவரை ஆயத்தப்படுத்துங்கள். பன்னிரண்டு ஆனால் பேசுகிற நான்கு பேர் பேசிக்கொண்டே இருப்பார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள்.

இனி வாசலுக்கு வருவோம். கல்லூரி திறந்த முதல் ஆறு வாரத்தில் ஒரு முதலாமாண்டு மாணவர் யாரோடு சாப்பிடப் போகிறாரோ அவர்களோடுதான் பெரும்பாலும் மூன்று வருடமும் இருக்கப்போகிறார். உங்கள் வரவேற்புக் கூட்டம் இரண்டாவது மாதத்தில் என்றால் காரியம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. முதல் வாரத்தில் கூட்டமே வேண்டாம். பெட்டியைத் தூக்கிக் கொடுப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, வகுப்பறையைக் காட்டுவது போதும். இரண்டாவது வாரம் எளிமையான ஒரு சந்திப்பு. மூன்றாவது வாரம் குழு தொடங்கிவிட வேண்டும். ஒரு வாரம் வராதவருக்கு ஒரு செய்தி அனுப்பலாம், இரண்டு வாரம் வராதவரை ஹாஸ்டல் அறைக்கே போய்ப் பார்க்க வேண்டும். அவர் வகுப்பு மாணவர் ஒருவர் போவது நல்லது. அண்ணன் போய் நின்றால் விசாரணைபோல் ஆகிவிடும்.

வேறு மதத்து நண்பர்கள் வந்தால், இது வேதம் படிக்கிற கூட்டம் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். பரீட்சை உதவியையோ பரிசையோ தூண்டிலாக வைக்கக் கூடாது. வர மாட்டேன் என்றால் நட்பு அப்படியே தொடர வேண்டும். கல்லூரி வளாகத்துக்குள் அனுமதி இல்லையென்றால் ஒளிந்து நடத்தாதீர்கள், வெளியே ஓரிடம் பாருங்கள்.

பொறுப்பு மாற்றத்தில்தான் பெரும்பாலான ஐக்கியங்கள் உடைகின்றன. இறுதியாண்டு மாணவர் கடைசிப் பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு நோட்டையும் சாவியையும் கொடுத்துவிட்டுப் போனால் அதற்குப் பெயர் ஒப்புவித்தல் அல்ல. பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், மற்றவர்கள் என்று ஒருவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கிற நான்கு தலைமுறை 2 தீமோத்தேயு 2:2-ல் நிற்கிறது. மூன்று வருடப் படிப்பில் இது நடக்க வேண்டுமானால், இரண்டாமாண்டு தொடக்கத்தில் ஒருவர் உதவியாளராக வேண்டும், இரண்டாமாண்டின் நடுவில் பொறுப்பேற்க வேண்டும், இறுதியாண்டின் கடைசி ஆறு மாதம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில்தான் புதியவர் தவறு செய்வார். பழையவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே அது நடந்துவிடுவது நல்லது. ஆளைத் தெரிந்தெடுக்கும்போது பேச்சுத் திறமையைப் பார்க்காதீர்கள். கூட்டத்துக்கு முன்பே வந்து நாற்காலி போடுகிறவர் யார், காய்ச்சலில் கிடந்த அறைத்தோழனுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள்.

பொறுப்பில் இருக்கிற மாணவரின் நேரத்தையும் கணக்குப் பாருங்கள். மூன்று பேரைத் தனித்தனியே சந்திக்க 3 மணி, குழுவுக்கு 1, ஆயத்தத்துக்கு 2, பொறுப்பாளர் ஜெபத்துக்கு 1. வாரத்துக்கு 7 மணி. இதற்கு மேல் ஏற்றினால் படிப்பு அடிபடும். ஊழியத்தால் அரியர் விழுந்தது என்று பெற்றோர் மனதில் பதிந்துவிட்டால், பின்னால் வருகிற தம்பி தங்கைகளுக்கும் கதவு அடைபடும். தானியேலுக்கும் அவன் நண்பர்களுக்கும் பாபிலோனில் விதிக்கப்பட்டதும் மூன்று வருடப் பயிற்சிதான். அதில் அவர்கள் பின்தங்கவில்லை. பரீட்சைக்கு முந்தின இரண்டு வாரம் கூட்டங்களை நிறுத்திவிட்டு, மூன்று பேராகக் கூடிப் பதினைந்து நிமிடம் ஜெபித்தால் போதும்.

இசைக்குழு வேண்டாம். வருகிற கூட்டம் இசைக்கு வரும், அதைவிட நல்ல இசை கிடைக்கிற இடத்துக்குப் போகும். முகாம் போடுங்கள், ஆனால் முகாமுக்குப் பிந்தின ஆறு வாரத்தை முதலில் திட்டமிட்டு, அதற்குப் பிறகு தேதி குறியுங்கள். 1886-ல் அமெரிக்காவின் மவுண்ட் ஹெர்மனில் மாணவர் மாநாடு நடந்தது. வந்திருந்த 251 பேரில் 100 பேர் மிஷனெரி ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தார்கள். எல்லாரும் அந்த நூறைச் சொல்வார்கள். அந்த அழைப்பை எடுத்துக்கொண்டு ராபர்ட் வைல்டர், ஜான் ஃபார்மன் என்ற இரண்டு இளைஞர்கள் அடுத்த கல்வியாண்டு முழுக்கக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்த அலைச்சல்தான் மாநாட்டில் பிறந்ததை இயக்கமாக்கியது.

படித்து முடித்தவர்கள் சபைக்குப் போவதில்லை என்ற வேதனைக்கு வருகிறேன். ஐக்கியமே அவர்களுக்குச் சபையாக இருந்துவிட்டது என்பதுதான் காரணம். வயதானவர்களோடும் கைக்குழந்தைகளோடும் பழக்கமில்லாத பாட்டோடும் ஆராதிக்க மூன்று வருடமாக அவர்கள் பழகவே இல்லை. ஞாயிறு காலையில் உங்கள் கூட்டம் எதுவும் இருக்கக் கூடாது. முதலாமாண்டிலிருந்தே ஒரு சபையில் வேரூன்றச் செய்யுங்கள். கடைசி இரண்டு மாதத்தில், வேலைக்குப் போகிற ஊரில் எந்தச் சபை, அங்கே யாரைப் போய்ப் பார்ப்பது என்று பேர் சொல்லி அனுப்புங்கள். போன முதல் வாரம், முதல் மாதம், மூன்றாம் மாதம் என்று மூன்று முறை அழைத்துக் கேளுங்கள். முதல் மாதச் சம்பளத்துக்கும் புதிய ஷிஃப்டுக்கும் நடுவில்தான் பிள்ளைகள் நழுவுகிறார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். தனி ஆலோசனை பிறர் கண்ணில் படுகிற இடத்தில் மட்டும் நடக்கட்டும். மாணவிகளுக்கு ஒரு சகோதரி பொறுப்பாக இருக்கட்டும். 18 வயது ஆகாதவர்கள் முகாமுக்கு வந்தால் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். ஒருவர் உங்களிடம் சொன்ன பாவத்தை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. ஆனால் சாகலாம்போல் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அது ரகசியமாகக் காக்கிற விஷயம் இல்லை. தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடமோ கல்லூரி ஆலோசகரிடமோ கொண்டுபோய், வீட்டாரிடமும் சொல்ல வேண்டும். ஜெபம் பண்ணி அறைக்கு அனுப்பிவிடுவது போதாது. காணிக்கையை இரண்டு பேர் எண்ணட்டும், உங்கள் சொந்தக் கணக்கில் போடாதீர்கள், மாதம் ஒரு பக்கக் கணக்கை எல்லாருக்கும் காட்டுங்கள்.

விலக வேண்டுமா? இப்போது வேண்டாம். அந்த ஏழு பேர் போன பிறகு மீதி நிற்பது நான்கு பேர். நீங்களும் போனால் அவர்களுக்கு யாருமில்லை. அடுத்த வருடம் இதே நேரம் இரண்டு குழுக்களை அவர்கள் நடத்திக்கொண்டிருந்தால் அப்போது இந்தக் கேள்வியை மறுபடி கேளுங்கள். அதுவரை மாதம் ஒருமுறையாவது உங்கள் போதகரிடமோ மூத்த ஊழியர் ஒருவரிடமோ போய் உட்காருங்கள். நான்கு வருடமாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள், உங்களை விசாரிக்கவும் ஒருவர் வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமைக்குத் தயாரித்த செய்தியை எடுத்து வைத்துவிட்டு, மாற்கு 2-ஐத் திறந்துகொண்டு வட்டமாக உட்காருங்கள். மூன்றாவது வாரம் அந்த நான்கு பேரில் ஒருவர் கேள்வி கேட்கத் தொடங்கியதும் எனக்கு எழுதுங்கள். எந்தக் கேள்வியில் எல்லாரும் மௌனமானார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
அண்ணன்