புலனாய்வு, பல்லூடக இதழியலைக் கல்லூரி மாணவர்களுக்கு எங்கிருந்து கற்பிக்கத் தொடங்க வேண்டும்? கேமராவிலிருந்தா?

இதழியல் துறையில் பாடம் நடத்துகிறேன். கேமராவையும் படத்தொகுப்பையும் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். மாணவர்கள் அவற்றைப் பாதி கற்றுக்கொண்டுதான் வகுப்புக்கே வருகிறார்கள். அரசு ஆவணத்தை வாசிக்கத்தான் அவர்களுக்குத் துணை தேவை.

நான் ஏரியிலிருந்து தொடங்குவேன். ஒவ்வொருவரும் தத்தம் ஊர் ஏரியை எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டு விவரம் கிடைக்கும். புறம்போக்கா, பட்டா நிலமா, பரப்பு எவ்வளவு என்பது அதில் இருக்கும். கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். பதிவேடும் படமும் ஒத்துப்போகாத இடத்தில்தான் விசாரணையைத் தொடங்க வேண்டும்.

அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போட வேண்டும். கேள்வியை எப்படி எழுதுவது என்பதில்தான் அதிக நேரம் செலவிடுவேன். “ஆக்கிரமிப்பை ஏன் அகற்றவில்லை?” என்று கோபத்தோடு எழுதி வருவார்கள். அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அலுவலகம் தர வேண்டியது கைவசம் உள்ள ஆவணத்தைத்தான், விளக்கத்தை அல்ல. ஆகவே “இந்த சர்வே எண்ணில் ஆக்கிரமிப்பாளர்களுக்கு அனுப்பிய நோட்டீஸ்களின் நகல்கள்” என்று மாற்றி எழுத வைப்பேன். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. மேல்முறையீடு என்றால் இன்னும் ஒரு மாதமாவது போகும். செமஸ்டரின் முதல் வாரத்திலேயே மனு போய்விட வேண்டும். பாடத்திட்டம் வகுப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

பல்லூடகம் இதற்குப் பிறகுதான். ஏரி சுருங்கியதை வரைபடம் காட்டட்டும். முன்பு எத்தனை போகம் விளைந்தது என்பதை அந்த ஏரியின் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு விவசாயி தன் குரலிலேயே சொல்லட்டும். யார், எந்த ஆண்டு, எந்த உத்தரவில் கையெழுத்திட்டார் என்பதை எழுத்தில் கொடுங்கள். ஒரே செய்தியை மூன்று வடிவங்களில் திருப்பிச் சொல்வது பல்லூடகம் ஆகாது.

ஏரிக்கரையில் குடிசை போட்டிருப்பவரைப் படமெடுப்பது எளிது. மனை பிரித்து விற்றவரையும் அனுமதி கொடுத்த அலுவலகத்தையும் தேடிப் போவதுதான் கடினம். குடிசையோடு நின்றுவிட்ட வேலைக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. குற்றம் சுமத்தப்படுபவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்ட கடிதமும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.