பந்தியில் நின்றுபோன பேச்சு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் சோமனூர்ப் பக்கம் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் எதிரே அமர்ந்திருந்த, பத்து விசைத்தறி வைத்து ஓட்டும் தம்பி ஒருவர், 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியதிலிருந்து கூலிக்கு நெய்வது கட்டுப்படியாகவில்லை என்று பேசத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் வீட்டுப் பெரியவர், "கல்யாண ஊட்டுல அரசியல் எதுக்குங்க தம்பி, உண்ணுங்க" என்றார். பேச்சு அத்தோடு நின்றது. எங்கள் பங்காளிகளின் வாட்ஸப் குழுவிலும் அரசியல் கூடாது என்பதே முதல் விதி. உறவு கெடாமலிருக்க இதுவே நல்லது என்கிறார் என் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை. நாம் பக்குவப்பட்டுவிட்டோமா, பயந்துவிட்டோமா?

ச. வ., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ச. வ.,

உங்கள் மனைவி சொல்வதை நான் ஒதுக்கமாட்டேன். உள்ளாட்சித் தேர்தலில் எதிரெதிராக நின்ற அண்ணன் தம்பி பிறகு ஒருவர் வீட்டு எழவுக்கு மற்றவர் வராமல் போனதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தம்பி எந்தக் கட்சியின் பெயரையும் சொல்லவில்லை. தன் பிழைப்பின் கணக்கைச் சொன்னார். அதையும் அரசியல் என்று சொல்லி மூடியதுதான் என்னை வருத்துகிறது. அரசியல் என்ற சொல் கட்சிச் சண்டை என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டதால், தண்ணீரும் மின்சாரமும் கூலியும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைபட்டு, பேசக்கூடாதவை ஆகிவிட்டன.

1980 வாக்கில் எங்கள் ஊர்ச் சலூனில் நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து நான்கு பேர் வைத்திருப்பார்கள். ஒருவர் உரக்கப் படிப்பார். முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் இருப்பவர் அதற்கு மறுப்புச் சொல்லத் திரும்ப, சவரக்கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கடைக்காரர் அவர் பேசி முடிக்கும்வரை நிற்பார். என் பெரியப்பா காங்கிரஸ். அவரோடு தினமும் மல்லுக்கு நின்றவர் தி.மு.க. "நீ போடற ஓட்டு கெணத்துல போட்ட கல்லு" என்று பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னவரே, மறுநாள் வாய்க்காலில் தன் முறைத் தண்ணீரில் ஒரு மணி நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். நாளைக்கும் இந்த மனிதரின் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. வாதம் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தத் தேவை காட்டிக்கொடுத்தது.

இதை எழுதும்போதே இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அந்தச் சலூனில் தலித்துகளுக்கு முடி வெட்டமாட்டார்கள். பக்கத்து டீக்கடையில் அவர்களுக்குத் தனிக் குவளை இருந்தது. பெண்கள் அந்தப் பக்கம் நின்றுகூடப் பேசியதில்லை. எனவே அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். எல்லோரும் உள்ளே வரக்கூடிய காலம் மெல்ல வந்தபோது நாம் பேச்சையே நிறுத்திக்கொண்டோம் என்பதே என் ஆதங்கம்.

பேசியதால் நம் மண்ணில் என்ன நடந்தது என்பதற்கு விவசாயிகள் போராட்டமே சாட்சி. மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1970இல் திருப்பூர் அருகே பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரச் சாலைகளை நிறைத்தன. அத்தனை வண்டிகளைப் பூட்டிக்கொண்டு வர, கட்சி வேறுபாட்டைத் தாண்டி எத்தனை மோட்டார் ரூம்களிலும் களத்துமேடுகளிலும் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

பேசாததால் நடந்ததற்கு நொய்யல் ஆற்றைச் சொல்வேன். திருப்பூருக்குக் கீழே, பாசனத்துக்கென்று 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு நீர் தேங்கியது. என் உறவிலேயே ஒருவருக்குத் திருப்பூரில் சாயப்பட்டறை. அவருடைய பங்காளிக்கு அணைக்குக் கீழே தென்னந்தோப்பு. கிணற்றில் நுரை வந்து, தென்னை ஒவ்வொன்றாகக் காய்ந்தது. இருவரும் எல்லா விசேஷங்களிலும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். குழந்தைகளின் படிப்பைப் பற்றியும் நகை விலையைப் பற்றியும் பேசினார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்களும் பேசவிட்டதில்லை. பாதிக்கப்பட்ட விவசாயிகள் நீதிமன்றம் சென்று, 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது, பட்டறைக்காரர் தன் பங்காளியே தன் வயிற்றில் அடித்துவிட்டதாக நினைத்தார். மரங்கள் காய்ந்துகொண்டிருந்த அத்தனை ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூட அந்தத் தோப்புக்குப் போய்ப் பார்த்ததில்லை. இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உறவைக் காப்பதற்காக நாங்கள் கடைப்பிடித்த மௌனம் அந்த உறவைக் காக்கவில்லை.

பயந்துவிட்டோமா என்று கேட்டிருந்தீர்கள். ஆம், பயம்தான், ஆனால் அதற்குக் காரணமும் இருக்கிறது. சலூனில் பேசியது சலூனோடு போயிற்று. இன்று பந்தியில் சொன்ன ஒரு வாக்கியத்தை யாரோ கைபேசியில் பதிவு செய்து, முன்னும் பின்னும் வெட்டி அனுப்பினால், மாலைக்குள் அது பாவு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்கும் ஜவுளிக்காரரிடமும் போய்ச் சேரும். கூலித்தறிக்காரர் அவரை நம்பியே தறி ஓட்டுகிறார். 'இங்கு அரசியல் பேசக்கூடாது' என்று கடைச்சுவரில் எழுதி வைக்கும் டீக்கடைக்காரரையும் நான் குறை சொல்லமாட்டேன். கைகலப்பில் உடைந்த கண்ணாடிக்கு அவர்தான் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வாட்ஸப் குழுவின் விதி அப்படியே இருக்கட்டும். முகம் தெரியாத இடத்தில் சொல் வேகமாகத் தடிக்கிறது. ஆனால் நேரில் அமர்ந்திருக்கும்போது அந்த விதியைக் கொண்டுவராதீர்கள். அடுத்த முறை சோமனூர் போகும்போது அந்தத் தம்பியின் தறிக்கூடத்துக்கே போங்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம். அதற்கு மேல் அவருக்கு எவ்வளவு ஓடுகிறது, மீட்டருக்குக் கூலி என்ன வருகிறது, தறி ஓட்டும் ஆளுக்கு அதில் என்ன கொடுக்கிறார் என்று கேளுங்கள். தறி ஓட்டுகிறவரிடமும் தனியாகக் கேளுங்கள். முடிந்தால் பந்தியில் பேச்சை நிறுத்திய பெரியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.