அடிமரக் கல்லறைகள்: கேள்வி பதில்

கே: அமெரிக்காவில் பழைய கல்லறைத் தோட்டங்களில், வெட்டிவிட்ட அடிமரம் போலவே கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்களே, அது என்ன?

பெரும்பாலும் ‘உட்மென் ஆஃப் த வேர்ல்ட்’ சங்கத்து உறுப்பினருடைய கல்லாக இருக்கும். 1890இல் நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவில் ஜோசப் கல்லன் ரூட் தொடங்கிய சங்கம் அது. உறுப்பினர் மாதாமாதம் பணம் கட்டுவார், அவர் இறந்தால் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை போகும், அப்புறம் கல்லறைக்கு நினைவுக்கல்லும் சங்கமே வைத்துத் தரும். எனக்கு இந்தச் சங்கத்தில் பிடித்ததே இந்த ஏற்பாடுதான். உழைத்துப் பிழைக்கிறவனின் தலைமாட்டில் நட்ட மரச்சிலுவை சில வருடத்தில் மக்கிப்போய் எந்த இடம் என்றே தெரியாமல் போன காலத்தில், இவர்கள் ஆளுயரத்துக்கு ஒரு கல்லை நிறுத்தி அவன் பேரைப் பொறித்தார்கள். ஆனால் ஒன்று, தொடக்க காலத்தில் வெள்ளையர்களை மட்டுமே சேர்த்தார்கள். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கே: ‘உட்மென்’ என்றால் மரம் வெட்டுகிறவர்கள்தானே, உறுப்பினர்கள் எல்லாரும் அந்த வேலை செய்தவர்களா?

இல்லை. காட்டைத் திருத்தி வீடு கட்டிக் குடியேறியவர்களைப் பற்றி ரூட் கேட்ட ஒரு பிரசங்கத்திலிருந்து வந்த பெயர் அது.

கே: மரம் மாதிரி இருந்தாலே இந்தச் சங்கம்தான் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது, நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். மரவடிவக் கல் அந்தக் காலத்தில் பொதுவாகவே பிரபலம், இந்தியானா மாநிலம் பெட்ஃபோர்ட் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் அழகழகாகச் செதுக்கினார்கள். அதனால் முத்திரையைத் தேடுங்கள்: வட்டத்துக்குள் அடிமரம், கோடாலி, கொட்டாப்புளி, ஆப்பு, சிலவற்றில் புறா, கூடவே ‘டும் டாசெட் கிளாமட்’ என்ற லத்தீன் வாசகம். பேசாமல் கிடந்தாலும் குரல் கொடுக்கிறான் என்று பொருள். மாதிரி வரைபடம் தலைமையிலிருந்து போனாலும் செதுக்கியவர் உள்ளூர்ச் சிற்பி, ஆகவே பட்டையின் சொரசொரப்பு, ஒடிந்த கிளை, சுற்றிப் படரும் கொடி எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். வெறும் பலகைக்கல்லில் முத்திரை மட்டும் இருப்பதும் உண்டு.

கே: ‘மாடர்ன் உட்மென்’ என்றும் ஒரு சங்கம் இருக்கிறதே, அது வேறா?

வேறு. அதையும் 1883இல் ஐயோவாவில் தொடங்கியவர் ரூட்தான், பிறகு உள்சண்டையில் வெளியேறினார்.

கே: உட்மென் ஆஃப் த வேர்ல்ட் சங்கம் கல் வைத்துத் தருவதை ஏன் நிறுத்திவிட்டது?

செலவு. முதலில் இலவசம், அப்புறம் தனிக்கட்டணம், 1920களில் திட்டமே நின்றது. சங்கம் இப்போதும் ‘உட்மென்லைஃப்’ என்ற பெயரில் இருக்கிறது.

கே: கொள்ளுத்தாத்தா கல்லில் பாசி. பிளீச் போடலாமா?

வேண்டாம், கம்பி பிரஷும் வேண்டாம். நல்ல தண்ணீரில் நனைத்து மென்மையான பிரஷால் தேயுங்கள். கல் உதிர்ந்தால் தொடாதீர்கள், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போட்டோ எடுங்கள், எழுத்து தெளிவாகத் தெரியும்.